சத்தம் ஓய்ந்தபின்...

 

ஒரகடத்தில் காண்ட்ராக்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பி, "ஐயா, வேலை பெர்மனென்ட் ஆகணும்னு தினமும் ஜெபிக்கிறேன். ஆனா ஆண்டவர் எங்கேயோ தூரத்துல இருக்கிற மாதிரியே இருக்குது" என்று கண்கலங்கினார்.

"நீங்க பேசி முடிச்சதும், அவர் பேச இடம் கொடுத்தீங்களா தம்பி?" என்றேன். பதில் இல்லை.

ஆர்ப்பரித்துத் துதிக்க வேண்டியதுதான். ஆனால் ஓரேபிலே எலியாவை தேவன் சந்தித்தது புயலிலா? நெருப்பிலா? இல்லையே! எல்லாம் அடங்கினபின் அல்லவா! (1 இராஜாக்கள் 19).

1905-ல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, 1918-ல் நம் தென்னாட்டிலும் சாட்சி பகர்ந்த சாது சுந்தர்சிங், அதிகாலையில் வேதத்தோடு நெடுநேரம் மௌனமாய்க் காத்திருப்பார். ஜெபம் என்பது பிச்சை கேட்பதல்ல, தேவனையே பெற்றுக்கொள்வது என்று போதித்தார். 1929-ல் திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பவேயில்லை. தனியே போகும் தைரியம் அந்த மௌனத்தில் பெற்றதுதான்!

நமக்கு மலை வேண்டாம். கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூர் வந்து சேரும்வரை செல்போனைப் பைக்குள் வையுங்கள். ஒரே ஒரு வசனத்தை மெல்ல அசைபோடுங்கள். "ஆண்டவரே, பேசும்" என்று காத்திருங்கள். அசதியில் தூங்கிப்போனாலும் அவர் மடியில்தானே தூங்குகிறீர்கள்!

போன ஞாயிறு அந்தத் தம்பி சாட்சி சொன்னார்: "வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகல. ஆனா அவர் என் பக்கத்துலதான் இருக்கார்."

அல்லேலூயா! இதைவிட நிரந்தரம் எது?