கலாகர்ஷணமும் சிவப்புக் குழல் விளக்குகளும்

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1966-ஆம் ஆண்டில், அமெரிக்கக் கலைஞர் டான் ஃபிளேவின், பதுங்கித் தாக்கப்பட்டு மாண்டோருக்கான நினைவுச்சின்னமாக, கடைகளில் விற்கும் சிவப்புக் குழல் விளக்குகளை அறையின் மூலையில் பொருத்தினார். கல்லும் வெண்கலமும் விலக்கி ஒளியையே துயரின் உருவமாக்கிய அப்படைப்பு இன்று ஓர் அறச்சிக்கலில் நிற்கிறது. ஏனெனில் அவ்வகைக் குழல்களில் பாதரசம் உண்டு. ஜப்பானில் பாதரசக் கழிவால் நஞ்சேறிய மீனை உண்டு மக்கள் மடிந்த மினமாத்தாவின் பெயர் தாங்கிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள், பொது வெளிச்சத்துக்கான குழல் விளக்குகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027 இறுதிக்குள் நிறுத்த 2023-இல் ஜெனிவாவில் முடிவெடுத்தன. கொல்லப்பட்டோருக்காக ஏற்றிய விளக்கு உயிரோடிருப்போர்க்கு நஞ்சாதல் தகாது எனின், அதை எல்இடி விளக்குகளால் மீண்டும் செய்தாக வேண்டும். அவ்வாறு செய்தபின் அது அதே படைப்புதானா?

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தமிழர்க்கு இவ்வினா அயலானதன்று. அங்கு ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களோடு கோயில்களும் இடம்பெயர நேர்ந்தது. இத்தகைய சூழலில் பழுதுற்ற திருவுருவை மாற்ற நேரும்போது, அதிலுள்ள தெய்வ ஆற்றலைக் கும்பநீருக்கு ஈர்க்கும் கலாகர்ஷணம் என்னும் சடங்கைச் செய்து, பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சிறுகோயிலில் வழிபாட்டைத் தொடர்ந்து, பின்னர்ப் புதிய உருவில் அதை நிலைநிறுத்துவது ஆகம வழக்கு. பொருள் மாறினும் வழிபடப்படுவது மாறவில்லை என்னும் துணிவே இதன் அடிப்படை.

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனச் சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாக வகுக்கிறது. ஃபிளேவினின் படைப்பில் ஒளியை முதற்காரணமாகவும் குழலைத் துணைக்காரணமாகவும் கொண்டால் மறுஆக்கம் எளிதாகிவிடும். ஆயினும் யாரும் வாங்கக்கூடிய, எரிந்து தீர்ந்துபோகும் சரக்கையே அவர் தேர்ந்தார் என்பதால், குழலுக்கும் பொருளுணர்த்துவதில் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. எனவே பழைய குழலைப் போலத் தோன்றும்படி பெருஞ்செலவில் தனியே செய்வித்த எல்இடி, நிறத்தைக் காத்தாலும் அவர் கொண்ட எளிமையைக் கைவிட்டுவிடும். இன்று கடையில் கிடைக்கும் விளக்கைக் கொண்டு, எல்இடி ஒருபக்கமாகவே ஒளி வீசும் இயல்பை ஒளிசிதறு உறையால் ஈடுசெய்து, மாற்றிய ஆண்டையும் காரணத்தையும் அருகில் எழுதிவைப்பதே நேர்மையான வழி.

தொல்பௌத்தச் சின்னங்கள் நிறைந்த பூஜாங் பள்ளத்தாக்கு, புக்கிட் செலம்பாவ் இருக்கும் கோலா மூடா மாவட்டத்தில் பரவியுள்ளது; ஆகவே இவ்வினாவுக்குப் பௌத்தம் தரும் விடையும் இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. மிலிந்த மன்னனுடன் உரையாடிய நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல, ஒரே விளக்கைச் சார்ந்த தொடர்ச்சி என்று விளக்கியதாகப் பாலி மொழி நூல் கூறுகிறது. மாற்றிச் செய்த படைப்புக்கும் இவ்விடையே பொருந்தும். தொடர்ச்சியை மறைப்பின்றிப் பேணினால் அது ஃபிளேவினின் படைப்பே.

சடங்கோடு ஓரிடத்தில் மட்டும் ஒப்புமை நின்றுவிடுகிறது. பழுதுற்ற திருவுருவை நீரில் இடுவது மரபு. பாதரசக் குழலை அவ்வாறு ஆற்றிலோ கடலிலோ இடலாகாது. கழற்றிய ஒவ்வொரு குழலும் உடையாமல் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைக்குச் சென்று சேர வேண்டும். அச்செலவையும் மறுஆக்கத்தின் பகுதியாக அருங்காட்சியகங்கள் ஏற்க வேண்டும்.