இரவல் படம்

இன்று ஈபே எனப்படும் இணைய ஏலக்களம் அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிற்று. அங்கே வாங்குவோருக்குப் படமே கண், படமே சாட்சி. பழைய கைக்கடிகாரம் ஒன்றை விற்க முனைந்தவர், கீறலும் தெரியும்படி அதைப் படமெடுத்து வெளியிடுகிறார். மற்றொருவர் அப்படத்தையே எடுத்துத் தம் கடிகாரத்திற்குப் போட்டுக்கொள்கிறார்.

"படம்தானே! எடுத்தவருக்கு என்ன குறைந்தது?" எனக் கேட்கலாம். அவருடைய உழைப்பு களவு போயிற்று. பதிப்புரிமைச் சட்டப்படி படம் பொதுவாக எடுத்தவருக்கே உரியது. அவர் முறையிட்டால் அவ்விளம்பரத்தை நீக்கும் ஏற்பாடு ஈபேயிலேயே உண்டு.

எனினும், வாங்குவோருக்கு இழைக்கப்படும் தீங்கையே நாம் பெரிதென்போம். அவர் கண்ட கீறல் வேறொரு கடிகாரத்தின் கீறல். வந்து சேரும் பொருள் நல்லதாகவே இருப்பினும், சொல்லப்பட்ட சாட்சி பொய்யே. தம் சரக்கைத் தாமே காட்டத் தயங்குபவர், அதற்கு விலை கூறுவது எங்ஙனம் நாணயமாகும்?