ஜாமீன் கையெழுத்து

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணம் ஒன்று, செய்தே ஆக வேண்டிய கடமை இன்னொன்று. புறநானூற்றில் பொன்முடியார் பேசும் கடன் இரண்டாவது வகை. சிபில் ஸ்கோருக்கு முதல் வகை மட்டும்தான் தெரியும்.

சிபில் நிறுவனம் 2000-இல் தொடங்கியது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. 300-க்கும் 900-க்கும் நடுவில் ஓர் எண். அதை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. தவணையை நாள் தவறாமல் கட்டணும். கார்டு வரம்பில் முப்பது சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரே மாதத்தில் நாலு இடத்தில் லோன் கேட்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை வாங்கி, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லணும். இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் நாம் அதைக் குணமாக நினைக்க ஆரம்பித்துவிட்டோம்.

என் அப்பா வாழ்நாளில் வங்கிக் கடனே வாங்கியதில்லை. யாரிடமும் கை நீட்டாததுதான் அவருடைய பெருமை. அவருக்கு ஸ்கோரே கிடையாது. அமைப்பின் கண்ணில் அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. அப்படி ஓர் ஆளே இல்லை.

எங்கள் பக்கத்தில் வேறொரு கணக்கு உண்டு. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் காதுகுத்தோ கல்யாணமோ, செய்முறை நோட்டில் ஏறும். இப்போது லேப்டாப்பில் ஏற்றி, கையோடு ரசீதும் தருகிறார்கள். நோட்டு வைத்திருப்பவருக்கு, மொய்யைத் திருப்பாதவர் ஏன் திருப்பவில்லை என்று தெரியும். மழை பொய்த்ததா, ஆஸ்பத்திரிச் செலவா, இல்லை வெறும் ஏமாற்றா? ஸ்கோருக்கு மூன்றும் ஒன்றுதான், தாமதமான நாட்கள்.

அதற்காக நோட்டைத் தலையில் தூக்கி வைக்கவும் எனக்கு மனசில்லை. அந்த நோட்டில் ஏற உறவும் சாதியும் வேண்டும். ஸ்கோர் 'நீ யார் வீட்டுப் பையன்?' என்று கேட்பதில்லை. மதுரையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவருக்கு, அந்தக் கேள்வி வராமல் இருப்பதன் அருமை புரியும்.

இரண்டு கணக்கும் நேருக்கு நேர் மோதுவது ஜாமீன் கையெழுத்தில். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அந்தக் கடன் அவருடைய அறிக்கையிலும் தெரியும். அவர் கட்டாவிட்டால் இவருக்கும் அடி. ஆகவே ஸ்கோர் பற்றி அறிவுரை சொல்பவர்கள் எல்லோரும் சொல்வது: யாருக்கும் ஜாமீன் போடாதே.

புத்திசாலித்தனமான அறிவுரைதான். ஆனால் என் படிப்புக் கடனுக்கு ஜாமீன் போட்டவர் சித்தப்பா. அவர் இந்த அறிவுரையைக் கேட்டிருந்தால் நான் இன்ஜினியரிங் படித்திருக்க முடியாது. வேலை, சம்பளம், அதில் நாள் தவறாமல் கட்டிய தவணை, அதனால் வந்த என் நல்ல ஸ்கோர், எல்லாமே ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரின் கையெழுத்தில் நிற்கின்றன. அந்த எண் எனக்குத்தான் மதிப்பெண் போடுகிறது, அவருக்கு இல்லை.

போன வருஷம் அவர் மகன் குட்டியானை வண்டி வாங்க ஜாமீன் கேட்டான். பாசத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. என் அளவுகோல் ஒன்றுதான்: நாளைக்கே அந்தக் கடன் முழுதும் என் தலையில் விழுந்தால் கட்ட முடியுமா? முடியாதென்றால் முகத்தைப் பார்த்து 'முடியாதுப்பா' என்று சொல்லிவிட வேண்டும். முடியும் என்று தெரிந்தும் 'ஸ்கோர் குறையும்' என்று நழுவுவதில்தான் எனக்குக் கூச்சம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியும். போட்டேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி போன் பண்ணி "கட்டிட்டியாடா?" என்று கேட்கிறேன். "கட்டிட்டேண்ணே" என்கிறான். இந்த வாரம் சித்தப்பாவுக்கும் பேசணும்.