அவசியம் என்னும் சொல்

ஓர் உயிரை வருத்திப் பெறும் பொருள் மனிதருக்குப் பயன்படுமாயின், அப்பயனே அவ்வருத்தத்துக்கு நியாயமாகிவிடுமா? கேள்வி பழையதுதான். எனினும், பட்டுக்கூட்டிலிருந்து ஒரு புதிய பொருளை விஞ்ஞானம் எடுத்துத் தந்துள்ள இந்நாளில் அதனை மீண்டும் எழுப்புவது நம் கடமையாகிறது.

பட்டிழை இரு புரதங்களால் ஆனது. உள்ளே இருப்பது ஃபைப்ரோயின். அதன்மேல் பசைபோல் படிந்திருப்பது செரிசின். சோடா உப்பு கலந்த நீரில் கொதிக்கவைத்தால் பசை நீங்கும். எஞ்சிய இழையை லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் செறிந்த கரைசலில் கரைத்து, பின்பு அவ்வுப்பைச் சவ்வின் வழியே வெளியேற்றினால் தெளிந்த புரத நீர் கிடைக்கிறது. அதைத் தட்டில் உலர்த்தினால் மெல்லிய படலம். பழத்தின்மேல் பூசினால் கண்ணுக்குப் புலப்படாத காப்பு. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறு பூசிய ஸ்ட்ராபெரிப் பழங்களைக் குளிரூட்டாமல் வைத்துப் பார்த்தனர். 7 நாள்களில் பூச்சில்லாதவை வாடி நிறம் மங்கின. பூசப்பட்டவை சாறும் உறுதியும் குன்றாதிருந்தன. மலைநாட்டின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் மூட்டைகளில் நெரிந்து, தூரத்துச் சந்தையைச் சேருமுன் எவ்வளவு பழுதாகின்றன என்பதை அறிந்தோருக்கு இது சிறு செய்தியன்று.

ஆனால் கூட்டுக்குள் ஓர் உயிர் இருக்கிறது. கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் கூடு துளைபடும்; பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழை துண்டுபடும். ஆகவே அதற்கு முன்னரே நீராவியிலோ வெப்பக் காற்றிலோ அதனைக் கொன்றுவிடுவது நெடுநாள் வழக்கம். "வேறு வழியில்லை, இது அவசியம்" என்பர். சேலைக்குங்கூட இது முழு உண்மையன்று. பூச்சி வெளியேறிய கூடுகளின் இழையை நூற்றுச் சேலை நெய்யலாம் என்று ஹைதராபாத்தின் குசுமா ராஜய்யா செய்து காட்டியிருக்கிறார். படலத்துக்கோ இவ்வாதம் சிறிதும் பொருந்தாது. கரையப்போகும் இழை நீளமாயிருந்தால் என்ன, துண்டாயிருந்தால் என்ன? பட்டுப்பூச்சி முட்டை உற்பத்தி நிலையங்களில் துளைபட்ட கூடுகள் கழிவாகவே ஒதுக்கப்படுகின்றன. அங்கும் முட்டையிட்ட தாய்ப்பூச்சிகள் நோய்ச் சோதனைக்காக நசுக்கப்படுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் படலத்துக்கென்று புதிதாக ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை என்பது தெளிவு.

புழுவோடு இவ்விசாரணை முடிந்துவிடுவதில்லை. கர்நாடகம், உத்தரப்பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் பட்டுத்தொழிலில் கடனுக்காகக் கொத்தடிமைகளாக்கப்பட்ட சிறுவர்களின் நிலையை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. கொதிநீரில் கைவிட்டு இழை எடுத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். நுண்ணிய வேலைக்குச் சிறுவிரல்களே அவசியம் என்ற வாதம் கைத்தொழில்கள் பலவற்றில் ஒலித்த ஒன்று. புழுவையும் குழந்தையையும் நாம் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை. ஆயினும் இருவர்மீதும் சுமத்தப்பட்ட சொல் ஒன்றே.

அச்சொல்லின் பாரத்தை மஸ்கெலியா நன்கறியும். நாட்டுக்கு மின்சாரம் அவசியம் என்று 1960களில் மவுசாகலை அணை எழுந்தது. பழைய மஸ்கெலியா நகர் நீரில் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் தலைகாட்டுகின்றன. மின்சாரம் வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் இதே மலைநாட்டின் லயன் அறைகள் பல, அதன் பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே கிடந்தன. அணை அவசியமாக இருக்கலாம். அந்த இருளும் அவசியந்தானா? 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோதும், தொழில் இதனைத் தாங்காது என்ற குரலைக் கேட்டோம். கொழுந்து பறிக்கும் குடும்பம் அரைவயிறாக இருப்பது தேயிலைச் செடியின் இயற்கை விதியா?

இங்குதான் நாம் பிரித்தறிய வேண்டும். நீரின்றிப் பயிர் வளராது. இது இயற்கையின் அவசியம். இலாபம் குறையாதிருக்க இன்னொருவர் வருந்த வேண்டும் என்பதோ மனிதர் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. கொல்லாத வழியும் சுரண்டாத வழியும் செலவு மிக்கவை என்பர். இருக்கலாம். அப்படியாயின் அதனைச் செலவு என்றே சொல்லட்டும். செலவைக் கணக்கிடலாம், குறைக்க முயலலாம், பலரும் பகிர்ந்து ஏற்கலாம். அவசியம் என்று பெயரிட்டுவிட்டாலோ பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. வருந்துபவரின் வாயும் அடைபடுகிறது.

பட்டுப்புரதப் படலத்தை நாம் வரவேற்கிறோம். உணவைக் காக்கும் கண்டுபிடிப்பு மனிதகுலத்தின் பொதுச்செல்வம். அதனை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர் லித்தியம் புரோமைடோடு நின்றுவிடலாகாது. கூட்டை வளர்த்தவர் யார், அவர் பெற்ற கூலி என்ன, பழுதாகாமல் தப்பிய கரட்டின் விலை விளைவித்தவர் கைக்கு வருமா என்பதையும் மாணவர் கேட்கட்டும். "அவசியம்" என்று எவரேனும் விடை சொன்னால், "யாருக்கு?" என்ற அடுத்த கேள்வியை அவர்கள் தயங்காமல் கேட்கப் பழகட்டும்.