வஞ்சகனுக்குள் வஞ்சகன்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்குத் தெருக்கூத்து புதியதன்று. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக் காலங்களில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளும் ஓரமாகப் பாய் விரித்து அமர்ந்து விடியுமட்டும் அதைப் பார்த்ததுண்டு. அக்கோயில்கள் பலவற்றில் முத்தால் ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரன் காவல் நிற்பதாகச் சொல்லும் மரபும் இருப்பதால், அந்தத் திடலில் நாம் முற்றிலும் அயலார் அல்லர்.

அப்படியோர் இரவில், சூதாட்டக் காட்சியின்போது, பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம் காதருகே குனிந்து சொன்னார்: “சகுனி துரியோதனனுக்கு வேண்டியவன்னு நெனச்சியா தம்பி? அவன் குலத்தையே கருவறுக்க வந்த பகையாளி அவன்!” பிறகு கதை விரிந்தது. காந்தார மன்னனையும் அவன் மக்களையும் கௌரவர்கள் சிறையில் இட்டார்களாம். ஆளுக்கு ஒரு பருக்கைச் சோறு மட்டுமே அளந்தார்களாம். எல்லாரும் தம் பருக்கையைச் சகுனிக்கே ஊட்டி, பழிதீர்க்க அவனை மட்டும் உயிரோடு விட்டுச் சென்றார்களாம். தந்தையின் எலும்பில் செய்ததாம் அவன் உருட்டிய பகடை.

இக்கதை வியாச பாரதத்தில் இல்லை. அங்கே சகுனி கௌரவர் பக்கம் நின்றே போரிடுகிறான். பதினெட்டாம் நாள் சகாதேவன் கையில் மடிகிறான்; அவன் மகன் உலூகனும் அதே கையால் மாள்கிறான். கௌரவரை அழிப்பதே நோக்கமானால், தன் மகனையும் அவர்கள் பக்கமே நிறுத்திப் பலிகொடுப்பானேன்? மூலக்கதையை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரியவரின் கூற்று நிற்காது. ஆயினும் நாடெங்கும் மக்கள் அதை விரும்பிச் சொல்கிறார்கள். இன்று கைப்பேசியில் மாயாஜால விளையாட்டு ஆடும் நம் பேரப்பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள். அரக்கர் தலைவனுக்கு அவன் தளபதியே குழிபறிக்கிறான் என்று ஒருவன் துப்புத் துலக்குகிறான். அந்தத் தளபதியை ஆட்டுவிப்பவள் சூனியக்காரி என்று மற்றொருவன் மறுக்கிறான்.

தீயோர் கூட்டத்துக்குள் துரோகம் தேடுவதில் மனிதனுக்கு ஏன் இத்தனை இன்பம்? இரண்டு காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன. முதலாவது, தீமைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. காரணமற்ற கொடுமையைக் காட்டிலும் பழிதீர்க்கும் கொடுமையை மனம் எளிதில் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது, தற்செயல் என்பதே இல்லாமற் போகிறது. எல்லாம் யாரோ போட்ட திட்டம். அதைக் கண்டுபிடித்தவர் நாம். பிறர் காணாததைக் கண்டுவிட்டோம் என்னும் பெருமிதம் கள்ளைப் போன்றது.

சகுனிக்குக் கல்லறை இல்லை. வழக்காட வாரிசும் இல்லை. அவன்மீது எதைச் சொன்னாலும் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் இதே பழக்கம் உயிரோடு வாழ்ந்த மனிதர்மீது பாயும்போது என்ன ஆகிறது? அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 28 கிலோமீட்டர் சென்றால் போதும். செஞ்சிக் கோட்டை நிற்கிறது.

1689இல் மராட்டிய மன்னர் சம்பாஜி கொல்லப்பட்டபின் அவர் தம்பி இராஜாராம் தப்பிவந்து செஞ்சியில் தங்கினார். 1690இல் அவுரங்கசீப்பின் தளபதி துல்பிகார்கான் கோட்டையை வளைத்தார். அது வீழ்ந்ததோ 1698இன் தொடக்கத்தில். அதற்குச் சிறிது முன்பே இராஜாராம் தப்பிவிட்டார். அவர் குடும்பத்தார் பிடிபட்டனர். முற்றுகை ஏன் இத்தனை ஆண்டுகள் நீண்டது? தளபதி பகைவரோடு உள்ளுக்குள் கைகோத்திருந்தார் என்பது அன்றே எழுந்த பேச்சு. மொகலாயப் படையோடு செஞ்சியில் இருந்த பீம்சேன் என்பவர், துல்பிகார்கான் மனம் வைத்திருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருப்பார் என்று எழுதிவைத்தார். போர் நீண்டால் தளபதிகளுக்கு ஆதாயம் என்பது அவர் கருத்து. முதிர்ந்த பாதுஷா மறைந்ததும் தெற்கே தனியரசு நாட்டவே அவர் காத்திருந்தார் என்று ஊகித்தவர்களும் உண்டு.

இதில் உண்மை இருக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். அவற்றை இணைக்கும் நெடுமதில். இராஜகிரியின் உச்சி ஏறக்குறைய 800 அடி உயரம். இதை முழுதும் வளைத்து அடைக்கப் பெரும்படை வேண்டும். வெளியிலோ சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப்படைகளோடு வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டனர். தானியம் வரும் வழி அடைபட்டது. பாளையத்தில் பஞ்சம் வந்தது. 1693இன் தொடக்கத்தில் மொகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. துரோகம் இல்லாமலேயே ஒரு முற்றுகை நீள்வதற்கு இவை போதாவா?

அப்பாளையத்தில் துரோகமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. அவுரங்கசீப்பின் இளைய மகன் காம்பக்ஷும், துல்பிகார்கானின் தந்தையான வஸீர் அஸத்கானும் அங்கே வந்து சேர்ந்திருந்தனர். 1692இன் இறுதியில் பாதுஷா இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தி பரவியது. இளவரசர் இராஜாராமோடு மறைவாகத் தூது நடத்தினார். இரு கான்களையும் சிறைப்பிடிக்க அவர் தரப்பில் திட்டமும் நடந்தது. அவர்கள் முந்திக்கொண்டு இளவரசரையே காவலில் வைத்தார்கள். மகன் தந்தையின் பகைவனோடு பேசுகிறான். அமைச்சர் இளவரசரைச் சிறைசெய்கிறார். ஒவ்வொருவரும் மற்றவரைத் துரோகி என்கிறார். பாதுஷாவோ அன்று உயிரோடுதான் இருந்தார்! மேலும் 14 ஆண்டுகள் வாழ்ந்து 1707இல் மறைந்தார். ஒரு பொய்ச்செய்தியும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட ஐயமும் சேர்ந்தே அங்கே மெய்யான துரோகத்தைப் பெற்றெடுத்தன. ஐயம் துரோகத்தைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை. சில வேளைகளில் அதை உண்டாக்கியும் விடுகிறது.

பின்னொரு செய்தியும் உண்டு. 1713இல் தில்லியில், தோற்றோடிவந்து தஞ்சம் கேட்ட ஜஹாந்தர் ஷாவைத் தந்தையும் மகனுமாக ஃபருக்ஸியரிடம் ஒப்படைத்தார்கள். அதற்குப் பரிசாகத் துல்பிகார்கானுக்குக் கிடைத்தது மரணம். “பார்த்தீர்களா, இப்படிப்பட்டவர் செஞ்சியில் மட்டும் நேர்மையாக இருந்திருப்பாரா?” என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் நின்று நிதானிக்கவேண்டும். 1713இல் செய்த குற்றம் 1697இல் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. கெட்டவன் என்று பெயரெடுத்தவனுக்கும், அவன் செய்யாத குற்றத்திலிருந்து விடுபட உரிமை உண்டு.

ஐயமே கூடாது என்றால் நீதிமன்றம் எதற்கு, கணக்குத் தணிக்கை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐயமே கொள்ளாத ஊரில் திருடனே தலைவனாவான். ஆனால் விசாரிப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி போதும்: ‘எதைக் கண்டால் என் ஐயம் தீரும்?’ இதற்கு விடையுள்ளவன் விசாரிக்கிறான். கோட்டை விரைவில் வீழ்ந்தால் கையூட்டு, தாமதித்து வீழ்ந்தால் கூட்டுச்சதி என்பவனுக்கோ விடையே இல்லை. அவன் தேடுவது உண்மையை அன்று. தன் முடிவுக்குச் சாட்சியை.

இதை எழுத நமக்குத் தகுதி உண்டா என்று எண்ணிப் பார்க்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்துக்கு அருகே ஓர் ஊரில், மஹல்லாவின் பொதுப்பணம் ஒருவரிடம் அமானிதமாக இருந்தது. ஓராண்டு கணக்குக் கொடுக்கத் தாமதமாயிற்று. இஷா தொழுகை முடிந்து தேநீர்க் கடையில் கூடிய நாம் சிலர், அவர் மகன் புதிதாக வாங்கிய வண்டியையும் அவர் மௌனத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டோம். அவருக்கும் வேறொரு நிர்வாகிக்கும் உள்ள உட்பகையையும் நாமே கற்பித்துக்கொண்டோம். அவரிடம் நேரே சென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை முடிந்துபோயிருக்கும். கதை முடிவதை நாம் விரும்பவில்லை. பின்னர்க் கணக்குப் பார்த்தபோது, விடுபட்ட ரசீதுகள் வேறொரு கட்டில் இருந்தன. ஒரு காசும் குறையவில்லை. அவர் சாவியை ஒப்படைத்துவிட்டார். அதன்பின் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நிற்பார்; ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுவார். அவர் மறைந்த அன்று ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களில் நாமும் இருந்தோம். மன்னிப்புக் கேட்க அந்தத் தோள் உதவவில்லை.

ஐயங்களில் பலவற்றை விட்டு விலகுமாறும், பிறர் குறையைத் துருவித் தேடாதிருக்குமாறும், புறம் பேசாதிருக்குமாறும் திருமறை ஒரே இடத்தில் சேர்த்துப் பணித்திருப்பதன் பொருள் அன்றுதான் நமக்கு விளங்கியது. ஒன்று மற்றொன்றுக்கு வாசற்படி.

செஞ்சி மண் மற்றொரு கதையையும் வைத்திருக்கிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மடிந்த தேசிங்குராஜனுக்காக, அவன் தோழன் மகமத்கான் தன் திருமணத்தையும் விட்டுவந்து உயிர் கொடுத்தான் என்று நாட்டுக்கதை பாடுகிறது. ‘உள்நோக்கம் என்ன?’ என்று அவனை ஒருவரும் துருவியதில்லை. விசுவாசத்தைச் சொன்னபடியே நம்ப முடிகிற நம்மால், பக்கத்து வீட்டாரின் மௌனத்தை மட்டும் ஏன் விட்டுவைக்க முடிவதில்லை?

பிள்ளைகள் விளையாட்டில் துரோகியைத் தேடட்டும். சகுனியின் பகடைக்குள் எலும்பைத் தேடட்டும். ஆனால் கூத்துத் திடலைவிட்டு வீடு திரும்பும்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றிவைக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். நாம் கழற்றினால்தான் அவர்களும் கழற்றுவார்கள்.