துரை பங்களாவுக்கு அப்பால்

பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறினால், ஊருக்கு அப்பால் அடிசம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. 1960களிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம். ஆள் புழங்குவதால்தான் அதன் கல்லும் கூரையும் குலையாமல் நிற்கின்றன. பார்க்க வருகிறவர்கள் துறவிகள் விற்கும் ஜாமையும் வாங்கிப் போகிறார்கள். ஆட்டோக்காரருக்கும் தேநீர்க் கடைக்கும் நாலு காசு கிடைக்கிறது. 1921இல் முடிந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் எல்ல ஊருக்கு அப்படித்தான் சோறு போடுகிறது.

ஆனால் இவை தேயிலைத் தோட்டத்தின் பாதிக் கதை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே தானாகக் காக்கிறது. கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்ட நாள் அது. பிந்திய கட்டடம் என்றால், தனியே பிரகடனம் வேண்டும். கோப்பியும் தேயிலையும் அதற்குப் பிறகே மலையேறின; ஆகவே தொழிலாளர் குடியிருக்கும் லயம், பிள்ளைக் காம்பரா, பெரட்டுக்களம், தோட்டத்துக் கோயில் எல்லாமே சட்டத்தின் கண்ணுக்கு இளசு. பங்களாவுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் பணம் இருக்கிறது, விடுதியாகிப் பிழைத்துக்கொள்ளும். லயத்துக்கு இரண்டும் இல்லை.

லயத்தைக் காப்பது என்றால் ஒற்றைக் காம்பராவிலும் இஸ்தோப்பிலும் ஒரு குடும்பத்தை அடைத்து வைப்பதல்ல. பெரகலையிலிருந்து இறங்கும் கொஸ்லாந்தை வீதிப் பக்கம், மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்களையே விழுங்கியது. தப்பியவர்களில் பலருக்கு மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைதான் நெடுநாள் கூரை. வசதி என்று சொல்ல முடியாது. இடிக்காமல் விட்டிருந்ததால் ஒதுங்க இடமிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் பாதுகாப்பான வீடு, அதற்கு உறுதிப் பத்திரம். பிறகு பழைய வரிசையில் ஒன்றையாவது நிறுத்தி வைக்கலாம். கம்பளைக்கு அருகே, பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் நடக்கிறது. கொழுந்துக் கூடை, தப்பு, பாத்திரம் என்று அங்கே வைத்திருப்பவை துரையின் சாமான்கள் அல்ல. பாட்டி எந்தக் காம்பராவில் எத்தனை பேரோடு படுத்தாள் என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு சுவர் இருப்பது எந்த விடுதி வருமானத்தையும்விடப் பெரிது என்பேன்.

ஹப்புத்தளை இருக்கும் ஊவாவில் அப்படி ஒரு லயத்தை நிறுத்தி வைப்பதற்குக் குறுக்கே நிற்பது நிலம். தோட்டங்கள் அரசுடையவை, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. எதை இடிப்பது, எதை விடுவது என்ற முடிவு கம்பனி அலுவலகத்தில் நடக்கிறது. நாலைந்து தலைமுறையாக அதே லயத்தில் இருப்பவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.