ஈர விறகு

மணிமேகலை காப்பியத்தில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் கொள்கை கேட்டுக்கொண்டு வந்த மணிமேகலை, கடைசியாகப் பூதவாதியிடம் வருகிறாள். கண்ணால் காண்பது ஒன்றே அறிவுக்கு அளவை, அனுமானம் செல்லாது என்பவன் அவன். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள்.

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பிளாஸ்டிக் அச்சு செய்யும் டூல் ரூம்களில் தினமும் நடக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர், பொருள் முழுசாக நிரம்பும் என்கிறார். மெஷின் பக்கம் நிற்பவரோ, பீஸ் கையில் விழட்டும், பார்க்கலாம் என்கிறார்.

1978இல் மெல்போர்னில் காலின் ஆஸ்டின் தொடங்கிய மோல்டுஃப்ளோ நிறுவனத்தின் மென்பொருள் இந்த வழக்கில் அனுமானத்தின் கையை ஓங்க வைத்தது. இரும்பைக் கடைவதற்கு முன்பே, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டிவிடலாம். பிளாஸ்டிக் உள்ளே நுழையும் கேட் அருகே நீலம், கடைசியாக நிரம்பும் இடம் சிவப்பு. நிறமே ஏறாத இடம் ஷார்ட் ஷாட், அதாவது நிரம்பாமல் நின்றுபோன இடம்.

எல்லா இடத்திலும் நிறம் ஏறிவிட்டால் போதுமா? 2.5 மில்லிமீட்டர் சுவர், கேட்டுக்குப் பக்கத்திலேயே 1 மில்லிமீட்டர் ரிப் (மெல்லிய விலா) என்று வைத்துக்கொள்வோம். உருகிய பிளாஸ்டிக்குக்கு அகலமான வழிதான் பிடிக்கும். ரிப்பின் வாயில் தயங்கி நின்றுவிடும். நிற்கும் நேரத்தில் சூட்டை இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் நிரம்பி அழுத்தம் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் வாய் உறைந்துபோகலாம். திரையில் இதற்கு அடையாளம் உண்டு: அந்த இடத்தில் நிறப்பட்டைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். கடைசிப் படத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறவர் கண்ணில் அது படாது.

காற்று விஷயம் இன்னும் நுட்பமானது. தனியாகச் சொல்லாவிட்டால், அச்சுக்குள் இருக்கும் காற்று தடையில்லாமல் வெளியேறிவிடும் என்றே மென்பொருள் பொதுவாக எடுத்துக்கொள்ளும். நிஜ அச்சில் அது மயிரிழை போன்ற வென்ட் வழியாகத்தான் போக வேண்டும். வென்ட் அடைத்திருந்தால் காற்று மாட்டிக்கொண்டு, நசுங்கிச் சூடேறி, பிளாஸ்டிக்கின் ஓரத்தைக் கருக்கிவிடும். வாதத்தில் சொல்லாமல் விடப்படும் இப்படிப்பட்ட நிபந்தனைக்கு, நியாயத் தத்துவத்தின் நையாயிகர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்: உபாதி. நெருப்பிருந்தால் புகையிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? விறகில் ஈரம் இருந்தால்தான் புகை. 'அழுத்தம் போதும், ஆகவே நிரம்பும்' என்ற வாதத்தில் சொல்லாமல் விடப்பட்ட ஈர விறகு, காற்றுக்கு வழி.

மெஷின் பக்கத்துப் பூதவாதியும் லேசுப்பட்டவரில்லை. கருகின மூலையைத் தடவிப் பார்த்து, "காத்து மாட்டிக்கிச்சு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் காற்றை அவர் பார்த்ததில்லை; கருகிய இடத்தைப் பார்த்து அனுமானித்தார்.

வழக்கைத் தீர்க்க நல்ல டூல் ரூம்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிரம்பிய பிறகும் தொடர்ந்து கொடுக்கும் ஹோல்டிங் பிரஷரை நிறுத்திவிட்டு, 20, 40, 60, 80 சதவீதம் என்று வேண்டுமென்றே அரைகுறையாக நிரப்பி, துண்டுகளைத் திரைக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்கிறார்கள். 60 சதவீதத் துண்டில் ரிப் பக்கம் மட்டும் விளிம்பு திரையில் இருப்பதைவிட விரற்கடை பின்தங்கியிருந்தால், முதலில் வெர்னியரை எடுத்து அந்த இடத்தின் தடிமனைத்தான் அளப்பார்கள். வரைபடத்தில் இருந்த 1 மில்லிமீட்டர், அச்சில் 0.8 ஆக இறங்கியிருக்கக்கூடும்.